நாயைத் தனியா பழக்காதீங்க மக்களே!

தக்கலை பஸ் ஸ்டாண்டுல இறங்கி பத்மநாபபுரம் பக்கம் நடந்தாலும் சரி, குமாரகோவில் ரோட்டுல திரும்பினாலும் சரி, அழகியமண்டபத்துக்கு வண்டியை விட்டாலும் சரி, ஒரு போர்டு உங்க கண்ணுல படாம இருக்காது. 'நாய்கள் ஜாக்கிரதை'. கேட்டுக்குப் பின்னால ஒரு கம்பிக்கூடு. கூட்டுக்குள்ள ஒரு ராட்வைலரோ, லாப்ரடாரோ, ஜெர்மன் ஷெப்பர்டோ. பெரும்பாலும் அதை வாங்கச் சொன்னது அந்த வீட்டுல படிக்கிற நம்ம வயசு ஆள்தான். ரீல்ஸ் பார்த்து ஆசைப்பட்டு, அப்பாகிட்ட அடம்பிடிச்சு வாங்கியாச்சு. குட்டியா இருக்கும்போது மடியில வச்சு போட்டோ போட்டாச்சு. ஆறு மாசம் கழிச்சு ஆள் ஹாஸ்டலுக்குப் போயாச்சு. நாய் கூட்டுக்குள்ள போயாச்சு.

அதுக்கப்புறம் "சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது" என்று ஒரு புகார். உடனே ஒரு ட்ரெயினரைப் பிடிக்கிறோம். அவர் சாயங்காலம் வந்து முற்றத்துல ஒரு மணி நேரம் பழக்குவார். வீட்டுக்காரங்க வராந்தாவுல நின்னு சாயா குடிச்சுட்டு வேடிக்கை பார்ப்பாங்க. இல்லைன்னா நாயை ஒரு மாசம் அவர்கிட்ட கொண்டு விட்டுட்டு, சர்வீஸுக்கு விட்ட பைக்கை எடுக்கிற மாதிரி திரும்பக் கூட்டிட்டு வருவோம். ட்ரெயினர் சொன்னா உக்காருற அதே நாய், அம்மா சொன்னா திரும்பிக்கூடப் பார்க்காது. காசு போச்சு. நாய் மறுபடியும் கூட்டுக்குள்ள.

நான் சொல்ல வர்றது ஒரே விஷயம்தான். நாய்கிட்ட குறை இல்ல, அதைத் தனியா பிரிச்சு வச்சுப் பழக்குற முறையிலதான் குறை. ஏற்கெனவே பழகின ஒரு நாயோட, வீட்டு மனுஷங்களோட, அது வாழப்போற இடத்துலயே சேர்ந்து பழகினா நாய் சீக்கிரமாவும் கத்துக்கும், உறுதியாவும் கத்துக்கும். இது நாய்ப் பிரியர்களோட செண்டிமெண்ட் இல்ல. இதுக்குப் பின்னால அறுபது வருஷ ஆராய்ச்சி இருக்கு. அதுக்கும் முன்னால நம்ம தாத்தாமாரோட அனுபவம் இருக்கு.

வயலும் காடும் ஏற்கெனவே சொன்னது

நாஞ்சில் நாட்டு வயல்ல டிராக்டர் வர்றதுக்கு முன்னால ஏர் பூட்டின பெரியவங்க யாராவது உங்க பக்கத்துல இருந்தா கேட்டுப் பாருங்க, புதுக்காளையை எப்படி வசக்குவாங்கன்னு. ரெண்டு புதுக்காளையைச் சேர்த்து நுகத்துல பூட்ட மாட்டாங்க. ஒரு பக்கம் பழகின காளை, மறுபக்கம் புதுசு. உழவன் குரல் கொடுத்ததும் பழசு திரும்பும். புதுசும் கூடவே இழுபட்டுத் திரும்பும். நாலு நாள் போனா, அந்தக் குரலுக்கு என்ன அர்த்தம்னு புதுக்காளைக்குத் தானா புரியும். உழவன் ஒரு காளைக்குத்தான் வேலை சொல்றான், மறுகாளைக்குப் பாடம் எடுக்கிறது ஜோடிக்காளைதான்.

யானைக்கும் இதேதான். முதுமலை தெப்பக்காட்டுலயும் ஆனைமலை டாப்சிலிப்லயும் வனத்துறை முகாம்கள் இருக்கு. அங்க காட்டுல இருந்து பிடிச்ச யானையைப் பழக்க, மனுஷன் மட்டும் போதாது. கும்கி வேணும். சின்னத்தம்பியை நினைவிருக்கா? 2019 ஜனவரியில கோவை தடாகம் பகுதியில பிடிச்சு டாப்சிலிப் பக்கம் காட்டுல விட்டாங்க. அவன் உடுமலைப்பேட்டை பக்கம் கரும்புக்காட்டுக்கு வந்துட்டான். பிப்ரவரியில மறுபடி பிடிச்சுக் கூண்டுல வச்சாங்க. அவனைப் பிடிக்கப் போனதுல கலீம் என்கிற பேர்போன கும்கியும் உண்டு. பிறகு அந்தச் சின்னத்தம்பியே பயிற்சி எடுத்துக் கும்கி ஆயிட்டான். பிடிபட்டவனே இன்னைக்கு இன்னொரு யானையைப் பிடிக்கத் துணைக்குப் போறான்.

காளைக்கு ஜோடி, யானைக்குக் கும்கி என்று யோசிச்ச நாம, நாய்க்கு மட்டும் ஏன் சங்கிலியும் தனிக்கூடும் என்று முடிவு பண்ணினோம்?

ஆய்வுக்கூடம் என்ன சொல்லுது?

தென்னாப்பிரிக்கக் காவல்துறையோட நாய்ப் பயிற்சிப் பள்ளியில ஸ்லாபெர்ட், ராசா என்ற ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செய்தாங்க. 1997-ல் வெளிவந்தது. ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டிகள். தள்ளை நாய் போதைப்பொருளை மோப்பம் பிடிச்சுத் தேடி எடுக்கிறதை ஒரு பகுதிக் குட்டிகள் 6 வாரத்துல இருந்து 12 வார வயசு வரை பக்கத்துல இருந்து பார்த்தன. மத்த குட்டிகளுக்கு அந்த வாய்ப்பு இல்ல. பார்த்த குட்டிகளுக்கு யாரும் தனியா சொல்லிக் கொடுக்கல, பிஸ்கட் கொடுத்துப் பாராட்டவும் இல்ல. ஆறு மாச வயசுல எல்லாக் குட்டிகளுக்கும் அதே வேலையைக் கொடுத்துப் பார்த்தாங்க. அம்மாவைப் பார்த்து வளர்ந்த குட்டிகள் தெளிவா முன்னால நின்னன.

அடுத்தது ஹங்கேரி, புடாபெஸ்ட். பீட்டர் பொங்ராட்ஸ், ஆடம் மிக்லோஷி குழுவினர் 2001-ல் வெளியிட்ட ஆய்வு ரொம்ப எளிமையானது. 'வி' வடிவத்துல ஒரு கம்பி வேலி. உள்மூலையில தின்பண்டமோ விளையாட்டுச் சாமானோ. வெளியில இருந்து நாய் பார்க்கலாம், ஆனா எடுக்கணும்னா வேலியைச் சுத்திக்கிட்டுப் போகணும். தனியா விட்ட நாய்கள் அஞ்சாறு தடவை முயற்சி பண்ணின பிறகுதான் வேகம் பிடிச்சன. ஒருத்தர் சுத்திப் போறதை முதல்ல பார்த்த நாய்கள் ரெண்டு மூணு தடவையிலேயே பிடிச்சுக்கிட்டன. பிறகு மனுஷனுக்குப் பதிலா இன்னொரு நாயைச் சுத்திப் போக விட்டுப் பார்த்தப்பவும் பலன் இருந்தது. வீட்டு முற்றத்துல ரெண்டு தட்டியும் நாலு கம்பும் இருந்தா நீங்களே செஞ்சு பார்க்கலாம். நம்ம மினி புராஜெக்டுகளை விட செலவு கம்மி.

இதை நம்ம பாடத்தோட பாஷையில சொல்லட்டுமா? ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங் படிச்சிருப்பீங்க. ஏஜென்ட் எதையாவது செய்யும், சரியா இருந்தா ரிவார்டு, தப்பா இருந்தா ஒண்ணும் இல்ல. லட்சக்கணக்கான தடவை தட்டுத்தடுமாறி வழியைக் கண்டுபிடிக்கும். 2016-ல் லீ செடோலைத் தோற்கடிச்ச ஆல்ஃபாகோ முதல்ல என்ன செஞ்சது? மனுஷங்க ஆடின ஆட்டங்கள்ல இருந்து சுமார் 3 கோடி நிலைகளைப் பார்த்துக் கத்துக்கிட்டது. அதுக்கப்புறம்தான் தனக்குத்தானே ஆடிப் பழகியது. அடுத்த வருஷம் வந்த ஆல்ஃபாகோ ஜீரோ யாரையும் பார்க்காமலே கத்துக்கிட்டது, உண்மைதான். ஆனா அதுக்கு 3 நாள்ல 49 லட்சம் ஆட்டம் தேவைப்பட்டது. உங்க நாய்க்கு 49 லட்சம் சான்ஸ் கிடையாது. உங்க பொறுமைக்கும் கிடையாது. ஏற்கெனவே தெரிஞ்ச ஒண்ணைப் பார்த்துக் கத்துக்கிட்டா தேடுற பரப்பு சுருங்கிடும். நாய்க்கும் கம்ப்யூட்டருக்கும் இந்தக் கணக்கு ஒண்ணுதான்.

துணை என்றால் யார்?

இது வரைக்கும் படிச்சுட்டு "அப்போ இன்னொரு நாய் வாங்கிட வேண்டியதுதான்" என்று கிளம்பிடாதீங்க. இனிதான் விஷயமே இருக்கு.

1996-ல் டியூபரும் அவர் கூட்டாளிகளும் அமெரிக்காவுல ஒரு ஆய்வு செய்தாங்க. பல வருஷமா ஒரே கூட்டுல ஜோடியா வாழ்ந்த நாய்கள். ஒரு நாயைப் புதிய இடத்துக்குக் கொண்டு போனா பதட்டம் கூடும். உடம்புல சுரக்கிற ஸ்ட்ரெஸ் ஹார்மோனை அளந்தா அது தெரியும். கூடவே வாழ்ந்த ஜோடி நாயைப் பக்கத்துல விட்டாங்க. ஹார்மோன் அளவு பெருசா இறங்கல. தினமும் சோறு வச்சு, கவனிச்சுக்கிட்ட ஆள் பக்கத்துல வந்து உக்கார்ந்ததும் பதட்டம் கட்டுக்குள்ள வந்தது.

இதைக் கொஞ்சம் நிதானமா யோசிங்க. நாய்க்கு வேலையை எப்படிச் செய்யணும்னு காட்டித்தர இன்னொரு நாய் போதும். ஆனா "பயப்படாதே, நான் இருக்கேன்" என்று தைரியம் கொடுக்கிறது தன்னைக் கவனிக்கிற மனுஷன். பதட்டத்துல இருக்கிற மூளை எதையும் கத்துக்காது. வைவா ஹாலுக்குள்ள போனதும் படிச்சதெல்லாம் மறந்து நிக்கிற நமக்கு இதை விளக்க வேண்டியது இல்ல. அப்போ பழகின துணை என்பதுல முதல் ஆள் நீங்கதான். உங்க அம்மா, தாத்தா, தங்கச்சிதான். வராந்தாவுல நின்னு வேடிக்கை பார்க்கிறவங்க எல்லாரும் முற்றத்துக்கு இறங்கணும்.

காவல்துறை மோப்ப நாய்ப் பிரிவைப் பாருங்க. நாயை மட்டும் பயிற்சிக்கு அனுப்பி, முடிஞ்சதும் பார்சல்ல வாங்குறது இல்ல. அதைக் கையாளப் போற காவலரும் கூடவே போவார். ரெண்டு பேரும் ஒரே களத்துல, ஒரே வெயில்ல, ஒரே பாடம் படிப்பாங்க. தேர்ச்சி பெறுறது நாயும் இல்ல, காவலரும் இல்ல, அந்த ஜோடி. மீரட்டுல இருக்கிற ராணுவத்தோட கால்நடைப் படைப்பிரிவு மையத்துலயும் அப்படித்தான். குண்டு கண்டுபிடிக்கிற நாய்க்கே அந்த முறைன்னா, கோழிக்கூட்டைக் காவல் காக்கிற நம்ம வீட்டு நாய்க்கு மட்டும் ஒரு மாச ஹாஸ்டல் எதுக்கு?

முப்பது நாள் குட்டி என்கிற பிரச்சினை

நம்ம ஊர்ல குட்டி விற்கிறவங்க சொல்ற முதல் வார்த்தை "முப்பது நாள் ஆச்சு, எடுத்துட்டுப் போகலாம்". வாங்குறவங்களும் "சின்னதுலயே எடுத்தாத்தான் நம்மளோட ஒட்டும்" என்று நம்புறாங்க. இது சட்டப்படியும் தப்பு, கத்துக்கிறதுக்கும் கேடு.

2017-ல் மத்திய அரசு கொண்டு வந்த நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகள்படி 8 வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. அமெரிக்காவுல பார் ஹார்பர் என்ற ஊர்ல ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் ரெண்டு பேரும் பல வருஷம் நாய்க்குட்டிகளை வளர்த்து ஆராய்ந்து 1965-ல் ஒரு புத்தகம் எழுதினாங்க. குட்டி உலகத்தோட உறவு வைக்கிற முக்கியமான காலம் சுமார் 3 வாரத்துல இருந்து 12 வாரம் வரை என்று அவங்க காட்டினாங்க. இந்தக் காலத்தோட முதல் பாதியில அது தள்ளையோடயும் கூடப்பிறந்த குட்டிகளோடயும் இருக்கணும். எவ்வளவு கடிச்சா வலிக்கும் என்கிறதை அது கத்துக்கிறது அங்கதான். கூடப்பிறந்தது 'கீய்'னு கத்திட்டு விளையாட்டை நிறுத்தும். அடுத்த தடவை இது பல்லை மெதுவா வைக்கும். முப்பதாம் நாள்ல பிரிச்சா அந்தப் பாடத்துல பாதி நடத்தாமலே பரீட்சை வைக்கிற மாதிரி. பிறகு "கடிக்குது, கடிக்குது" என்று புகார் சொல்லி என்ன பிரயோஜனம்?

ரெண்டாம் பாதியில அது உங்க வீட்டையும் ஊரையும் பழகணும். பால்வெட்டுக்குப் போற ஆள், மீன்காரி, சைக்கிள், ஆட்டோ, குடை, குழந்தை, கோவில் கொட்டு எல்லாம். இங்கதான் ஒரு சிக்கல். தடுப்பூசி முழுசா போட்டு முடிக்கிறதுக்கு முன்னால வெளியில விட்டா பார்வோ வைரஸ் பயம். ரேபீஸ் ஊசியே மூணு மாசத்துலதான் போடுவாங்க. அதுவரை கூட்டுல பூட்டி வச்சா அந்தப் பொன்னான காலம் போயிடும். இதுக்கு நடுவழி என்ன? ஊசி எல்லாம் ஒழுங்கா போட்ட, குணமான ஒரு பெரிய நாய் இருக்கிற சொந்தக்காரங்க வீட்டு முற்றம். முதல் ஊசி போட்டு ஒரு வாரம் ஆனதும், ஆரோக்கியமான நாய்களோட சுத்தமான இடத்துல குட்டியைப் பழக விடலாம் என்று அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் மருத்துவர் சங்கமே சொல்லுது. உங்க மாட்டாஸ்பத்திரி டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யுங்க. பழகின துணை இருந்தா ரெண்டு பயமும் ஒரே வழியில தீருது, பாத்துக்கிடுங்க.

கோழியும் ஒரு துணைதான்

நம்ம பக்கத்துல நாய் வளர்க்கிறவங்க கேக்கிற இன்னொரு கேள்வி: "பக்கத்து வீட்டுக் கோழியைப் பிடிக்குது, என்ன செய்ய?" கோழிக்கு விலை கொடுத்து, சண்டை வாங்கி, கடைசியில நாயை ரப்பர் தோட்டத்துல கொண்டு விடுற வரைக்கும் போகும்.

ஆட்டுக்கும் கோழிக்கும் காவல் நாய்களை எப்படி உருவாக்குறாங்கன்னு பாருங்க. குட்டியிலேயே ஆட்டோட ஆடா வளர விடுறாங்க. 1970-களில் ரேமண்ட் காப்பிங்கரும் லோர்னா காப்பிங்கரும் அமெரிக்காவுல இதைப் பெரிய அளவுல ஆராய்ந்தாங்க. சின்ன வயசுல எதோட வளருதோ அதைத் தன் கூட்டமா நாய் ஏத்துக்குது. ஆஸ்திரேலியாவுல வார்னம்பூல் ஊருக்குப் பக்கத்துல மிடில் ஐலண்ட் என்று ஒரு குட்டித்தீவு. நரிகள் கடந்து போய்ப் போய், நூத்துக்கணக்குல இருந்த சின்னப் பெங்குவின்கள் 2005-ல் பத்துக்கும் கீழே வந்துட்டன. 2006-ல் மரேம்மா இன நாய்களைக் காவலுக்கு விட்டாங்க. முதல்ல போனதுல ஒரு நாய், ஒரு கோழிப் பண்ணையில கோழிகளைக் காத்துக்கிட்டு இருந்தது. கோழியைக் காத்த நாய் பெங்குவினையும் காத்தது. எண்ணிக்கை மறுபடி ஏறியது.

உங்க வீட்டு நாய் கோழியைத் துரத்தாம இருக்கணுமா? எட்டு வாரக் குட்டியா இருக்கும்போதே, பெல்ட்டுல பிடிச்சுக்கிட்டு, கோழிகள் மேயுற இடத்துல தினமும் பத்து நிமிஷம் சும்மா உக்காருங்க. கோழிகளைக் கண்டுகொள்ளாத ஒரு பெரிய நாய் பக்கத்துல படுத்துக் கிடந்தா இன்னும் கொள்ளாம்.

எதிர்க்கேள்விகள்

"எல்லாம் சரி, இதுல கெடுதலே இல்லையா?" என்று கேக்கிறவங்களுக்கு: இருக்கு. மறைக்க வேண்டியது இல்ல.

முதலாவது, பார்த்துக் கத்துக்கிற குட்டி கெட்டதையும் கத்துக்கும். பால்காரரைப் பார்த்தாலே குரைக்கிற பெரிய நாய் இருக்கிற வீட்டுல ஒரே மாசத்துல ரெண்டு நாய் குரைக்கும். அதனால எந்த நாய்கிட்ட விடுறோம் என்பது முக்கியம். ஜூனியரைக் கொண்டு போய் எந்த சீனியர் பக்கத்துல உக்கார வைக்கிறோம் என்று நாம யோசிக்கிறது இல்லையா, அதே மாதிரி.

ரெண்டாவது, ரெண்டு குட்டியை ஒண்ணா வாங்குறது இதுக்கு வழி இல்ல. ரெண்டுக்கும் ஒண்ணும் தெரியாது. ஒண்ணுக்கொண்ணு ஒட்டிக்கிட்டு மனுஷனைக் கண்டுகொள்ளாமப் போயிடும். அது ரெண்டு புதுக்காளையை ஒரே நுகத்துல பூட்டுற கதை.

மூணாவது, எல்லா நாயும் இன்னொரு நாய்கிட்ட இருந்து ஒரே மாதிரி கத்துக்கிறது இல்ல. பல நாய் இருக்கிற வீடுகள்ல, அதிகாரம் பண்ற நாய் மத்த நாயைப் பார்த்துக் கம்மியாத்தான் கத்துக்குது, அடங்கிப் போற நாய் நல்லா கத்துக்குது என்று அதே புடாபெஸ்ட் குழு 2008-ல் எழுதியது. உங்க நாய் 'நாட்டாமை' ரகம்னா நீங்களே செஞ்சு காட்டுறதுதான் வழி.

நாலாவதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. 1969-ல் ராபர்ட் ஸயான்ஸும் அவர் மாணவர்களும் கரப்பான் பூச்சிகளை ஓட விட்டாங்க. நேரான பாதையில, மத்த கரப்பான்கள் பார்த்துக்கிட்டு இருந்தா பூச்சி வேகமா ஓடுச்சு. வளைஞ்சு திரும்ப வேண்டிய பாதையில, பார்வையாளர் இருந்தா மெதுவாச்சு. தெரிஞ்ச வேலையைக் கூட்டம் வேகமாக்கும், தெரியாத வேலையைக் கூட்டம் குழப்பும். கல்ச்சுரல்ஸ் மேடையில ஏறினவங்களுக்கு இது நல்லாவே தெரியும். நாய்ப் பயிற்சிக்கும் இதுதான் விதி. கஷ்டமான புதுப் பாடத்தை முதல்ல நீங்களும் நாயும் மட்டும் இருந்து ஆரம்பிங்க. கொஞ்சம் பிடிபட்டதும் துணையோட சேர்த்துச் செய்யுங்க. கடைசியா தெருவுக்குக் கொண்டு போங்க. "சேர்ந்து பழகணும்" என்றால் எப்பவும் கும்பலா என்று அர்த்தம் இல்ல.

ஏன் இப்போ இதைப் பேசணும்?

2024 மே மாசம் சென்னை நுங்கம்பாக்கத்துல ஒரு பூங்காவுல 5 வயசு சிறுமியை ரெண்டு ராட்வைலர் நாய்கள் கடிச்சுக் குதறின. நாடே பேசியது. அதுக்கு ரெண்டு மாசம் முன்னாலதான் மத்திய அரசு 23 இனங்களைத் தடை செய்யச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியிருந்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. எல்லா விவாதமும் 'எந்த இனம்?' என்கிற கேள்வியில ஆரம்பிச்சு அங்கேயே முடிஞ்சது. 'எப்படி வளர்ந்தது, யாரோட பழகியது?' என்கிற கேள்வியை யாரும் பெருசா எடுக்கல. குழந்தைகளையே பார்க்காம கூட்டுக்குள்ள ரெண்டு வருஷம் வளர்ந்த எந்தப் பெரிய நாயும் ஆபத்துதான். அது ராட்வைலரா இருந்தாலும் சரி, நம்ம ராஜபாளையமா இருந்தாலும் சரி. ஒரு நாள் கூடு திறந்து கிடக்கும்போது அந்தக் கூட்டுக்கும் தெருவுல விளையாடுற பிள்ளைக்கும் நடுவுல இருக்கப் போறது அந்த நாயோட பழக்கம் மட்டும்தான்.

இன்னொரு பக்கம் நம்ம கேம்பஸ். 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம், கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், பஸ் நிலையங்கள், ரயில் நிலையங்கள் போன்ற இடங்கள்ல இருக்கிற தெருநாய்களைப் பிடிச்சு, கருத்தடையும் ஊசியும் போட்டு, காப்பகத்துல வைக்கணும், பிடிச்ச இடத்துலயே திரும்ப விடக் கூடாது என்று உத்தரவு போட்டது. இந்த உத்தரவு சரியா தப்பா என்று கேண்டீன்ல ரெண்டு கட்சியா அடிச்சுக்கலாம். ஆனா கேண்டீன் வாசல்ல பரோட்டாத் துண்டு போட்டுப் பழக்கின நமக்கு ஒரு பொறுப்பு இருக்கு. அந்தக் குட்டிகளுக்குத் தெரிஞ்ச மனுஷங்க நாமதான். பரோட்டா போடுறதோட நம்ம பாசம் முடிஞ்சா, அதுங்களுக்குக் காப்பகம்தான் கதி. எட்டு வாரம் ஆன குட்டிகளை, ஏற்கெனவே நல்ல நாய் ஒண்ணு இருக்கிற வீடுகளாப் பார்த்துத் தத்துக் கொடுத்தா கதை வேற. நம்ம கிளாஸ்லயே கல்குளத்துல இருந்தும் விளவங்கோட்டுல இருந்தும் வர்ற எத்தனை பேர் வீட்டுல அப்படி ஒரு நாய் இருக்கும்? ஒரு வாட்ஸ்அப் குரூப் போதும். என்.எஸ்.எஸ். யூனிட் முன்வந்தா இன்னும் நல்லது. நாட்டு நாய்க்குப் பணம் கொடுக்க வேண்டாம். நம்ம மழைக்கும் வெயிலுக்கும் பொருந்தின உடம்பு. ஏசி கேக்காது.

சரி, என்ன செய்யணும்?

இந்த லீவுக்கு வீட்டுக்குப் போறவங்க இதை மட்டும் செஞ்சு பாருங்க. நாயைக் கூட்டுல இருந்து எடுங்க. வீட்டுல எல்லாரும் ஒரே வார்த்தை சொல்லணும் என்று முதல்ல முடிவு பண்ணுங்க. அப்பா "சிட்", அம்மா "இரி", தங்கச்சி "உக்காரு" என்று மூணு பாஷையில சொன்னா அது எந்த நாய்க்கும் புரியாது. பத்து நிமிஷம் காலையில, பத்து நிமிஷம் சாயங்காலம். ஒவ்வொரு நாளும் வீட்டுல வேற வேற ஆள் பழக்கட்டும். நீங்க பக்கத்துல நில்லுங்க.

பக்கத்துல நல்ல நாய் இருக்கிற வீடு இருந்தா, ரெண்டு நாயையும் முதல்ல ஒரு நடைக்குக் கூட்டிட்டுப் போங்க. நேருக்கு நேர் நிறுத்தாம, பக்கத்துல பக்கத்துல, நடுவுல ரெண்டு மனுஷங்க. உதயகிரிக் கோட்டைப் பக்கமோ குளத்தங்கரையோ, ஆள் கம்மியான நேரமாப் பார்த்து. பெரிய நாயை முதல்ல உக்காரச் சொல்லிப் பரிசு கொடுங்க. புதுசு பார்க்கட்டும். பிறகு அதைக் கேளுங்க. சோற்றுத் தட்டு மட்டும் எப்பவும் தனித்தனி. தின்கிற நேரத்துல துணை, துணையா இருக்காது. ரேபீஸ் ஊசி சீட்டு இல்லாத நாயோட பழக விடவே வேண்டாம். யாருக்காவது பல் பட்டா, நம்ம நாய்தானேன்னு விடாம, 15 நிமிஷம் சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க.

ட்ரெயினர் வேண்டாம் என்று நான் சொல்லல. நல்ல ட்ரெயினர் நாயை விட அதிகமா உங்களைத்தான் பழக்குவார். அவர்கிட்ட கேக்க வேண்டிய முதல் கேள்வி எத்தனை நாள், எவ்வளவு ரூபாய் என்கிறது இல்ல. "நாங்களும் கூட நிக்கலாமா?" என்பதுதான். கூடாது என்று சொன்னா வேற ஆளைப் பாருங்க.

இன்னும் குட்டி வாங்காதவங்க, வாங்குறதுக்கு முன்னால ஒரு கணக்குப் போடுங்க. நாலு வருஷப் படிப்பு முடிஞ்சு பெங்களூருக்கோ துபாய்க்கோ நீங்க கிளம்பிடுவீங்க. நாய் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். நீங்க போன பிறகு அதுக்குப் பழகின முகம் வீட்டுல எத்தனை இருக்கும்? அந்த எண்ணிக்கை பூஜ்யம்னா வாங்காதீங்க. ரெண்டு மூணுன்னா தாராளமா வாங்குங்க. முதல் நாள்ல இருந்தே அந்த ரெண்டு மூணு பேரையும் முற்றத்துக்கு இறக்குங்க.